முதலாளி கடைசியா பேசுங்க: ஐடியா மீட்டிங் பத்தி திருப்பூர்ல பேசினது

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேரா விஷயத்துக்கு வந்துடறேன், பாதிப் பேருக்கு சாயங்காலம் லோடு ஏத்தற வேலை இருக்கும்.

ஆர்டர் கம்மியான மாசத்துல நம்ம பனியன் தைக்கற யூனிட்டுகள்ல ஒரு மீட்டிங் நடக்கும். முதலாளி, மேனேஜர், ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், அக்கவுண்ட்ஸ் பாக்கிற பொண்ணு எல்லாரும் ஆபீஸ் ரூம்ல உக்காருவாங்க, டீயும் பஜ்ஜியும் வரும், "புதுசா என்ன பண்ணலாம், ஆளாளுக்கு ஐடியா சொல்லுங்க"ன்னு முதலாளி ஆரம்பிப்பாரு. யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு மேனேஜர் "ஆன்லைன்ல விக்கலாம்ங்கண்ணா"ம்பாரு, "ரிட்டர்ன் வந்தே அழிஞ்சிருவோம்ப்பா"ன்னு உடனே பதில் வரும், அதோட சரி, அதுக்கப்புறம் அந்த ரூம்ல பேசறது முதலாளி ஒருத்தர்தான். நான் பாத்த முக்கால்வாசி மீட்டிங் இப்படித்தான் முடிஞ்சிருக்கு. ஆளுங்களுக்கு யோசனை இல்லாம இல்லைங்க, பவர்டேபிள்ங்கிற தையல் மிஷின் வரிசை பக்கத்துல நின்னு பேச்சுக் குடுத்துப் பாருங்க, அவ்வளவு சொல்லுவாங்க.

இப்படி எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஐடியா சொல்ற பிரைன்ஸ்டார்மிங்ங்கிற முறைய ஊர் உலகத்துக்குப் பழக்கினவரு அலெக்ஸ் ஆஸ்போர்ன், அமெரிக்காவுல பிபிடிஓன்னு ஒரு பெரிய விளம்பர கம்பெனியோட பங்குதாரர். 1953ல இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாரு. அவர் வெச்ச விதி நாலுதான்: மீட்டிங் நடக்கும்போது எதையும் குறை சொல்லாதே, எண்ணிக்கை கூடட்டும், கோக்குமாக்கான யோசனையும் வரட்டும், அடுத்தவன் சொன்னது மேல உன்னோடதச் சேத்துச் சொல்லு. நாலுமே நல்ல விதி, நான் மறுக்கல. ஆனா எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாயால சொன்னாத்தான் நிறைய வரும்னு அவர் நம்பினாரு பாருங்க, அதத்தான் 1958ல யேல் பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பாத்தாங்க. நாலு பேர ஒரே ரூம்ல உக்கார வெச்சாங்க, இன்னொரு பக்கம் நாலு பேரத் தனித்தனியா யோசிக்க விட்டு அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டினாங்க. தனியா யோசிச்ச நாலு பேர்கிட்ட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஐடியா இருந்துச்சு!

ஏன் இப்படின்னு 1987ல டீல், ஸ்ட்ரோபேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பிரிச்சுப் பிரிச்சு சோதிச்சாங்க. பயம், கூச்சம், "அவன் சொல்லட்டும்"ங்கிற சோம்பல் எல்லாம் இருக்குதான், ஆனா பெரிய காரணம் ரொம்ப சாதாரணமானது: ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க காத்திருக்கணும். காத்திருக்கிற நேரத்துல ஒண்ணு தனக்குத் தோணினது மறந்துபோகும், இல்லன்னா "இது பெருசா ஒண்ணுமில்ல"ன்னு தானே தள்ளிவிட்டுடுவாங்க, புதுசா எதையும் யோசிக்கவும் முடியாது. நம்ம ஊர்ல முதலாளி பேசறப்ப குறுக்க பேச மாட்டோமில்லைங்களா, அதையும் சேத்துக்கங்க.

அதனால நான் அடிச்சு சொல்றது ஒண்ணுதான். முதல்ல எழுதட்டும், அப்புறம் பேசலாம். ஜெர்மனியில பெர்ன்ட் ரோர்பாக்னு ஒருத்தர் 1968லயே இதுக்கு ஒரு வழி சொல்லிட்டாரு, 6-3-5னு பேரு. ஆறு பேர் வட்டமா உக்காரணும், ஆளுக்கொரு பேப்பர், 5 நிமிஷத்துல மூணு ஐடியா எழுதணும், எழுதி முடிச்சதும் பேப்பரப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும், அவர் அதப் படிச்சிட்டு அதுக்குக் கீழ இன்னும் மூணு. ஆறு சுத்து வந்தா அரை மணி நேரத்துல 108 வரி கையில இருக்கும். ஒரே மாதிரி இருக்கறது, உதவாதது எல்லாம் போகட்டும், அப்பவும் அந்த பஜ்ஜி மீட்டிங்ல வர்றத விட அதிகம்தான்ங்க.

ஆறு பேர்ல சிங்கர் மிஷின்ல தைக்கற ஒரு டெய்லரும் தெச்ச பீஸப் பாத்து அனுப்பற செக்கிங்ல இருக்கற ஒரு அக்காவும் கண்டிப்பா இருக்கணும், துணி எங்க வீணாப் போகுது, எந்த சைஸ் தேங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். எழுத வராதவங்க இருந்தா முந்தின நாளே வாட்ஸப்ல வாய்ஸ் போடச் சொல்லி யாராவது பேப்பர்ல ஏத்திடுங்க, சங்கடப்படுத்தாதீங்க. பேப்பர்ல பேர் வேண்டாம். முதலாளி எழுதினா சுத்துல விடாம தனிப் பேப்பர்ல எழுதட்டும், அதக் கடைசியா படிங்க, முன்னாடியே படிச்சா மத்ததெல்லாம் அதே பக்கம் சாஞ்சிரும்.

அடுத்தது கேள்வி. "தொழில எப்படி வளக்கறது?"ன்னு கேட்டா பதிலும் அப்படியே பொத்தாம்பொதுவாத்தான் வரும். அதவிட "எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லாத மாசத்துல, புது மிஷின் வாங்காம, இருக்கற ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின வெச்சு நம்ம பேர்லயே எதத் தெச்சு யாருக்கு விக்கலாம்?"னு கேளுங்க, கட்டிங் வேஸ்ட் பத்தின்னா அதுக்குத் தனியா இன்னொரு நாள் உக்காருங்க. மிஷின் இதுதான், காசு இவ்வளவுதான்னு எல்லை போட்டுட்டா மூளை சும்மா இருக்காதுங்க, பொறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில குடுக்கற செட்டு, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டிரஸ், வயசானவங்களுக்கு முன்பக்கம் திறக்கற நைட்டின்னு பேர் சொல்லி வர ஆரம்பிக்கும், வாங்கறது யாருன்னும் கூடவே தெரியும்.

அன்னைக்கே முடிவு எடுக்காதீங்க. மறுநாள் உக்காந்து, நூல் விலையும் தையல் கூலியும் தெரிஞ்சவர் பக்கத்துல இருக்க, ஆளுக்கு மூணு ஓட்டுன்னு பேப்பர்ல புள்ளி வெக்கச் சொல்லுங்க, ரெண்டே ரெண்டு எடுங்க. அதையும் பெருசா இறக்க வேண்டாம், கையில இருக்கற மிச்சத் துணியில நூறு பீஸ் தெச்சு ரெண்டு கடையில குடுத்துப் பாருங்க, கடைக்காரர் ரெண்டாவது தடவை அவராவே கேட்டு போன் பண்றாரான்னு மட்டும் பாருங்க.

எடுக்காம விட்ட ஐடியா விஷயத்துல நிறைய பேர் கவனமில்லாம இருந்துடறாங்க, இதச் சொல்லிட்டு நான் முடிச்சுக்கறேன். எந்தெந்த ஐடியா ஏன் நின்னுச்சு, செலவா, ஆள் இல்லையா, சீசன் சரியில்லையான்னு ஆறு பேருக்கும் அந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க. சொல்லலன்னா அடுத்த மீட்டிங்ல செக்கிங் அக்கா மூணுக்குப் பதிலா ஒண்ணுதான் எழுதுவாங்க, அதுவும் நமக்குப் பிடிக்கும்னு அவங்க நினைக்கறதத்தான் எழுதுவாங்க.

நன்றிங்க.