மஞ்சள் தேரையும் ஐஸ்கிரீம் பெட்டியும்

வணக்கம் நேயர்களே. பல வருடம் விலங்கியல் படிப்பித்தவள் என்பதால் இங்கே அழைத்திருக்கிறார்கள். இன்று ஒரு தேரையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

போன ஐப்பசியில் கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு நாள் விடாத மழை. எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் வீடு இடித்த வெறுங்காணி ஒன்று இருக்கிறது. அதில் முழங்கால் அளவு தண்ணீர். இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து கதவைத் தட்டினான். தரம் ஏழு படிக்கிறவன். கையில் வெறும் ஐஸ்கிரீம் பெட்டி.

"ரீச்சர், தங்கத் தேரை பிடிச்சிருக்கிறன். வளர்க்கப் போறன். இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது?"

மூடியைத் திறந்தேன். பழுத்த தேசிக்காய் நிறத்தில் ஒரு தேரை, தொண்டை துடிதுடிக்க உட்கார்ந்திருந்தது. கிர்ர்ர் என்று நீளமாகக் கத்திய சத்தத்தை வைத்துத்தான் தேடிப் பிடித்தானாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை.

அவனுடைய ஆசை எனக்கு விளங்கியது. நாளெல்லாம் மண்ணிறத் தேரைகளையே பார்க்கிற ஊரில் ஒன்று மட்டும் பொன்னாக மின்னினால் யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் அது தனி இனமும் இல்லை, அதிசயப் பிறவியும் இல்லை. நம் வீட்டு வடிகானிலும் பூச்சாடிக்குக் கீழும் இருக்கிற அதே சாதாரண ஆசியத் தேரைதான். பெருமழைக்குப் பிறகு இவை கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும்போது, ஆண் தேரைகள் சில நிமிடங்களிலேயே மஞ்சளாக மாறிவிடும். ஓரிரு நாளில் அந்த நிறம் போய்விடும். மாப்பிள்ளைக் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோலம் எதற்கு? குட்டைக்குள் நூற்றுக்கணக்கான ஆண்கள் நெருக்கியடிக்கும், பெண்கள் குறைவு. அவசரத்தில் ஆணையே ஆண் கட்டிப்பிடித்துவிடும். வியன்னாவில் ஷோன்புருன் மிருகக்காட்சிசாலை ஆய்வாளர்கள் மஞ்சளிலும் மண்ணிறத்திலும் பொம்மைத் தேரைகள் செய்து வைத்துப் பார்த்தார்கள். ஆண் தேரைகள் மண்ணிறப் பொம்மையைத்தான் அதிகம் நாடின. "நானும் ஆண்தான், என்னை விடு" என்று சொல்வதற்குத்தான் அந்த மஞ்சள்.

இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். நம்பவில்லை. "ஒரு இரவு மட்டும் வைச்சிருக்கிறன் ரீச்சர்" என்று கெஞ்சினான். சரி என்றேன். அப்புறம் வேலை தொடங்கியது. மூடியில் துளை போட்டோம். அடியில் ஈரமண் பரப்பினோம். அவன் குழாய்த் தண்ணீர் எடுத்துவரப் போனதும் தடுத்தேன். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால்தான் உறிஞ்சுகிறது. குளோரின் கலந்த தண்ணீர் அந்தத் தோலுக்கு ஆகாது. மழைத் தண்ணீர் நல்லது. சாப்பாட்டுக்குச் சோறு வைக்கலாமா என்று கேட்டான். தேரைக்கு அசைகிற உயிர்தான் இரை: எறும்பு, கறையான், வண்டு. அசையாமல் கிடக்கிற சோற்றை அது திரும்பியும் பார்க்காது.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கிற சுரப்பிகளில் நஞ்சுப்பால் உண்டு. தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வீட்டில் நாய் வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

விடிந்ததும் ஓடிவந்தான். பெட்டிக்குள் ஒரு மண்ணிறத் தேரை. "யாரோ மாத்திப்போட்டாங்கள்" என்று அழாக்குறை.

மாற்றவில்லை நேயர்களே. நிறம் அந்தக் குட்டைக்கும் அந்த மழைக்கும் உரியது. பெட்டிக்குள் வந்த பிறகு யாருக்காக மஞ்சளாக இருக்கவேண்டும்?

வெள்ளை, சிவப்பு என்று பிறவியிலேயே நிறம் மாறிய தேரைகளும் அபூர்வமாகக் கிடைப்பதுண்டு. அவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்றுதான் கேட்பேன். தவளை, தேரைகளின் மஞ்சள் சிவப்புச் சாயங்களில் ஒரு பகுதி உணவிலிருந்து வருகிறது. தொட்டியில் ஒரே வகை இரையைத் தின்றால் நிறம் மங்கிப்போகும். இன்னொன்று: வித்தியாசமாகத் தெரிவது வேறு இனமாகவே இருக்கலாம். 1872இல் முதன்முதலாக விபரிக்கப்பட்ட கண்டித் தேரை என்ற இனம் அழிந்துவிட்டதென்றே முடிவுகட்டியிருந்தார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மறுபடி கண்ணில் பட்டது. அப்படிப்பட்ட ஒன்றை யாராவது ஆசையாகப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. படம் எடுங்கள், இடத்தைக் குறித்து வையுங்கள், பத்தரமுல்லையில் இருக்கிற வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. இங்கே ஈரநிலம் எது என்று கேட்டால் தலங்கமை, பெத்தகானை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எங்கள் ஒழுங்கை வெறுங்காணியும் ஓர் ஈரநிலம்தான்.

தேரை நிறம் மாறிய அன்று பொழுதுபட்டதும், பெடியனும் நானுமாகப் போய், அதைப் பிடித்த இடத்திலேயே விட்டோம். இரண்டு நாள் கழித்து அவன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினான். புல்லடியில், கறுப்பு மணி கோத்ததுபோல், வழுவழுப்பான முட்டைச் சரங்கள்.

நேற்று இரவும் மழை. ஒன்பது மணிக்கு டெலிபோன் அடித்தது.

"ரீச்சர், மூண்டு மஞ்சள் நிக்குது. குடையோட வாங்கோ."