பத்து நிமிடத் தாமதம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒளிக்கும் வேகம் உண்டு என்பது தெரிய வந்ததே, தீர்க்கரேகை கண்டுபிடிக்கப் போன இடத்தில்தான்.

17-ஆம் நூற்றாண்டு மாலுமிகளுக்கு அது தீராத தலைவலி. கிழக்கிலோ மேற்கிலோ எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அறிய, புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். வியாழனின் நிலவுகளையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார் கலிலியோ. அயோ என்ற நிலவு சுமார் 42½ மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது; ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் போய் வருகிறது. ஆடுகிற கப்பலில் நின்று இதைப் பார்ப்பது நடக்கிற காரியமா? தரையில் நிலப்படம் வரைவோருக்கு மட்டும் பயன்பட்டது.

இந்தக் கிரகணங்களுக்கு அட்டவணை போட்டவர் காசினி என்ற வானியலாளர். பாரிஸ் வானாய்வகத்தில் அவரோடு இருந்த டென்மார்க் இளைஞர் ஓலே ரோமர். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோவின் கிரகணம் அட்டவணைக்குப் பிந்துகிறது, நெருங்கும் மாதங்களில் முந்துகிறது. ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் 15 விநாடி, கண்ணுக்குப் பிடிபடாது. 40 சுற்று சேர்ந்தால் நிமிடக் கணக்காகிவிடும். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656-இல் உருவாக்கிய ஊசல் கடிகாரம் இல்லாவிட்டால் இதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

1676 செப்டம்பரில் ரோமர் அறிவியல் அகாதமியில் துணிந்து சொன்னார்: நவம்பர் 9 அன்று அயோ நிழலை விட்டு வெளிவருவது 10 நிமிடம் தாமதமாகவே தெரியும். அன்று அது தெரிந்தது மாலை 5 மணி 35 நிமிடம் 45 விநாடிக்கு. சொன்னபடியே 10 நிமிடம் தாமதம்.

காரணம் ஒளிதான்: பூமி விலகிப் போனால் ஒளி கூடுதல் தூரம் வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்றார் ரோமர். உண்மையில் சுமார் 16½ நிமிடம். வேகத்தைக் கணக்கிட்டவர் ஹைகன்ஸ். அவருக்குக் கிடைத்தது, இன்றைய அளவில், விநாடிக்கு ஏறத்தாழ 2.2 லட்சம் கிலோமீட்டர். 3 லட்சம் வர வேண்டியது. இருக்கட்டும். ஒளி நொடியும் பிடிக்காமல் வந்து சேர்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் அடித்துச் சொல்லியிருந்த காலம் அது. அதை அசைத்ததுதான் பெரிய காரியம்.

காசினி கடைசிவரை ஏற்கவில்லை. வெறும் பிடிவாதம் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. ஒளிதான் காரணம் என்றால், அன்று தெரிந்திருந்த மற்ற மூன்று நிலவுகளும் அதே கணக்கில் பிந்த வேண்டாமா என்று கேட்டார், நியாயமான கேள்வி. நிலவுகள் ஒன்றையொன்று இழுத்துத் தடம் மாற்றுவது அன்று கணக்கில் வரவில்லை. 1720-களின் இறுதியில் ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி, வியாழன் பக்கமே போகாமல், விண்மீன்கள் ஆண்டு முழுவதும் சற்றே இடம் மாறித் தெரிவதை வைத்து ஒளியின் வேகத்தை நிறுவிய பிறகுதான் வழக்கு முடிந்தது.

நன்றி, வணக்கம்.