எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்?

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே,

மழையோடு மேடேறி வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2018 மார்ச் மாதம் என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "இன்னைக்கு ராத்திரி டவுனுக்கு ஆளுங்க வர்றாங்களாம், யாரும் வெளியே போகாதீங்க" என்று பதறுகிற ஒரு பெண் குரல். யார் அவர், எந்த டவுன், எந்த ராத்திரி? நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு வரிசைகளில், மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை கதவுகள் அடைபட்டன. இரண்டு நாள் கழித்து, எங்களுக்குக் கொப்பி போட்டுக் கடனுக்கு அரிசியும் மாவும் கொடுக்கிற முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் போனேன். "அந்த வொய்ஸ் எனக்கும் வந்தது சேர். பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை" என்றார். அதை அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் கண்டிப் பக்கத்துத் திகனவும் தெல்தெனியவும் எரிந்தன. அதற்கு முன்பு சில முஸ்லிம் இளைஞர்கள் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்தார்கள், அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொடுமையான குற்றம்; விசாரிக்கச் சட்டம் இருந்தது. ஆனால் அந்த ஒரு சாவைக் காட்டி, முஸ்லிம் சமூகம் முழுவதையும் அடிக்கக் கிளம்புங்கள் என்று பேஸ்புக்கில் பதிவு பதிவாகக் கொட்டினார்கள். பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிகிற வீட்டுக்குள் அகப்பட்டு ஓர் இளைஞர் மாண்டார். மார்ச் 6இல் அவசரகால நிலை, மறுநாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அம்பாறையில், சோற்றில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை நொறுக்கினார்கள். அரசாங்கப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. கடை நொறுங்கிய பிறகு!

சிங்களத்தில் வந்த வெறிப் பதிவுகளைப் பற்றி ஆட்கள் முறையிட்டபோது, 'இதில் விதிமீறல் இல்லை' என்று பேஸ்புக்கிலிருந்து பதில் வந்தது. 2020இல்தான் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

ஏன் கோபம் மட்டும் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? கொழுந்து நிறுக்கிற தராசு உங்களுக்குத் தெரியும். தண்ணிக்கு, சாக்குக்கு என்று கிலோவை வெட்டினால் மடுவத்தில் நின்று சண்டை பிடிக்கிறீர்கள். பேஸ்புக்கிடமும் ஒரு தராசு உண்டு. 2017இல் தொடங்கி, ஒரு 'லைக்' ஒரு புள்ளி என்றால், கோப முகம் போன்ற உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து புள்ளி என்று எடை போட்டார்கள். அங்கே வேலை செய்த பிரான்சிஸ் ஹோகன் 2021இல் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் இது இருந்தது. கோபக் குறியின் எடையை அவர்கள் பூச்சியமாக்கியது 2020இல். அதுவரைக்கும், பார்த்தவனைக் கொதிக்க வைத்த பதிவு அடுத்தவன் போனுக்கும் முந்திக்கொண்டு போனது. கொதித்தது நாம், விளம்பரக் காசு அவர்களுக்கு.

பக்கத்து ஊர்ச் சண்டைதானே என்று ஒதுங்கவும் முடியாது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகக் குரல் கொடுத்தோமே, அது 2021இல் வர்த்தமானியில் வருவதற்குள் நமக்குள்ளேயே எத்தனை 'துரோகி'! ஒரே மலையில் கொழுந்தெடுக்கிற இரண்டு அக்கா தங்கைகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய பையன்கள் வேறு வேறு தொழிற்சங்கம். அந்தப் பையன்கள் பேஸ்புக்கில் ஒருவரையொருவர் கேவலமாக எழுதினார்கள். அடுத்த தீபாவளிக்கு அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் பலகாரத் தட்டு போய் வரவில்லை. இரண்டு காம்பிராவுக்கும் நடுவில் ஒரே சுவர்.

முன்பும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் வதந்தி வரும். வந்தால் "யாருடா சொன்னது?" என்று கங்காணி கேட்பார், சொன்னவன் அங்கேயே நிற்பான். அந்தப் பெண் குரலைக் கேட்டபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கடைசி வரிசையில் நானா உட்கார்ந்திருக்கிறார். நானா, அந்த வொய்ஸை எங்கள் குழுவுக்கு அனுப்பியது நான்தான். உங்களிடமிருந்து இத்தனை வருஷம் மறைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.