தலைமாட்டில் நிற்பவர்

(தஞ்சாவூரில் மருத்துவ, கால்நடை மருத்துவ மாணவர்களிடம் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். ரோபோ வைத்துத் தசை எடுக்கப் பழகும் சர்ஜன்கள், மனிதரிடம் வருமுன் பன்றியிடம் பழகலாமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அறுவடைக் காலத்தில் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டிராக்டர் ஏறி, கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கி, கால் நசுங்கி வருவார்கள். சதை போய் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும். வெறும் எலும்பின் மேல் தோலை மட்டும் ஒட்டினால் பிடிக்காது. இரத்த ஓட்டமுள்ள தசை வேண்டும். பல நேரம் அதை முதுகிலிருந்து எடுப்போம். அக்குளுக்குக் கீழே விசிறி மாதிரி விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் டோர்சி தசை. இதற்கு முதுகில் ஒரு சாணுக்கும் மேல் கீற வேண்டியிருக்கும். சர்ஜன் திரையைப் பார்த்து இயக்கும் அறுவை ரோபோ இருந்தால், அக்குளில் ஒரு சின்னக் கீறலும் பக்கவாட்டில் சில துளைகளும் போதும். 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்களும் முதலில் பிணங்களில்தான் பழகினார்கள்.

பழகப் பிணமே போதாதா, உயிருள்ள பன்றி எதற்கு என்று கேட்பீர்கள். வழி தெரிந்துகொள்ளப் போதும். ஆனால் பிணத்தில் இரத்தம் கசியாது, நாடி துடிக்காது. வயிற்றுக்குள் இயற்கையாகவே இடம் இருக்கிறது. முதுகில் தோலுக்கும் தசைக்கும் நடுவே அப்படி இல்லை. பிரித்துப் பிரித்து, கரியமில வாயுவை ஊதி, நாமே இடம் உண்டாக்க வேண்டும். அந்தக் குறுகிய இடத்தில் ஒரு சின்னக் குழாய் கசிந்தாலும் கேமராவில் எல்லாம் சிவப்பாகிவிடும். போதாததற்கு, இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான ரோபோக்களில் தொடுவுணர்வு கிடையாது. இழுப்பது அதிகமா என்பதைக் கண்ணால்தான் பார்த்துப் பழக வேண்டும். தசைக்கு உயிர் கொடுக்கும் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அது அறுந்தால் தசையும் போச்சு.

பன்றிக்கும் இதே தசை உண்டு, அதே மாதிரி இரத்தக்குழாயை நம்பித்தான் அது பிழைக்கிறது. முதல் தவறு ஒரு விவசாயியின் முதுகில் நடக்கக் கூடாது என்பதால்தான் பன்றியிடம் போகிறோம். ஆனால் தவறைப் பன்றியின் மேல் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் கணினிப் பயிற்சி. அப்புறம் கறிக்கடையில் வாங்கிய கோழித்தொடை. அதிலுள்ள மில்லிமீட்டர் அளவுக் குழாயைத் தைத்துப் பழகலாம், எந்த உயிரும் கூடுதலாகப் போவதில்லை. அதில் தேறாதவரைப் பன்றியின் பக்கம் விடக் கூடாது. விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்துவதில் மாற்று வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959-லேயே எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவின் அனுமதியும் வேண்டும்.

ஒரத்தநாட்டிலிருந்து வந்திருக்கும் கால்நடை மருத்துவப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். இப்படியொரு பயிற்சி நடந்தால், முழு மயக்கத்தில் கிடக்கும் அந்தப் பன்றியை முடிந்தபின் எழுப்பப் போவதில்லை. கடைசி வரை அதன் தலைமாட்டில் நீங்கள் நில்லுங்கள். மூச்சைப் பாருங்கள், நாடியைப் பாருங்கள். மயக்கம் குறைகிறது என்று தோன்றினால் "நிறுத்துங்க சார்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய சர்ஜனானாலும் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.