ஆச்சியின் நாக்கும் இரண்டு பிழைகளும்

[காட்சி: திருநெல்வேலி டவுன், சாயங்காலம். வாழை இலையில் சூடான அல்வா.]

தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அல்வா, மற்றதெல்லாம் கோதுமைக் களி. எங்கள் ஊரில் இதை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் வித்தியாசம் தெரியுமா? ஒரு ஆச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் விடுவதாக இல்லை: "ஏலே, வாயில வச்ச உடனே சொல்லிருவேம்லா!"

சரி, சோதித்துவிடுவோம். ஒரே கைப்பக்குவம், அதே கோதுமைப் பால், அதே சீனி, அதே நெய். தண்ணீர் மட்டும் வேறு. ஒரு சட்டிக்கு ஆற்றுத் தண்ணீர், இன்னொரு சட்டிக்குச் சென்னைத் தண்ணீர். ஒவ்வொரு துண்டுக்கும் காசைச் சுண்டி, எந்தச் சட்டி என்று முடிவு செய்கிறோம். எடுத்துக் கொடுப்பவருக்கும் அது தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மொத்தம் 10 துண்டு.

இந்த யோசனை நம்முடையதல்ல. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, பிறகு ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண் விஞ்ஞானி. அதை வைத்துப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 8 கோப்பைகள் கொண்ட ஒரு சோதனையை 1935இல் விளக்கி எழுதினார். அங்கே தேநீர், இங்கே அல்வா.

[காட்சி: திரையில் 10 துண்டுகள், அடியில் சரி, தவறு குறிகள்.]

ஆரம்பத்தில் ஆச்சியை நம்பாமல்தான் தொடங்குகிறோம். "இவருக்கு வித்தியாசம் தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்கிறார்." இதுதான் இன்மைக் கருதுகோள். 10க்கு 9 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் இதைக் கைவிட்டு ஆச்சியை ஒப்புக்கொள்வோம் என்பது நம் விதி.

வெறும் குத்துமதிப்பிலும் 9 வரலாமே? வரலாம். 1,024 வாய்ப்புகளில் 11, அதாவது சுமார் 1.1 சதவீதம். அப்படி வந்துவிட்டால், இல்லாத திறமைக்கு மாலை போட்டுவிடுகிறோம். இது முதல் வகைப் பிழை. இதன் அளவை ஆல்ஃபா என்பார்கள்.

இப்போது மறுபக்கம். ஆச்சிக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறது, ஆனால் 100க்கு 80 முறைதான் சரியாகச் சொல்வார். நாக்குதானே, மெஷினா? அவர் இந்தச் சோதனையில் 9ஐத் தொட வாய்ப்பு வெறும் 38 சதவீதம். மீதி 62 சதவீதத்தில் நிஜமான திறமைசாலியை "நிரூபிக்கவில்லை" என்று திருப்பி அனுப்புகிறோம். இது இரண்டாம் வகைப் பிழை, பீட்டா. பல ஆய்வுகளில் ஆல்ஃபாவை மட்டும் பெரிதாக எழுதிவிட்டு, இந்த 62ஐக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் எனக்கு எரிச்சல்.

விதியைத் தளர்த்தி, 8 போதும் என்போம். பீட்டா 32 சதவீதமாகக் குறையும், ஆல்ஃபா 5.5 சதவீதமாக ஏறும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க, துண்டுகளைக் கூட்ட வேண்டும். 20 துண்டு, 15 சரியாக இருக்க வேண்டும் என்றால் ஆல்ஃபா 2 சதவீதம், பீட்டா 20 சதவீதம். ஆனால் ஒரே மூச்சில் 20 துண்டு தின்றால் நாக்கில் நெய்தான் இருக்கும், ருசி இருக்காது. நாலைந்து நாளாகப் பிரித்துக் கொடுங்கள்.

இந்த இரு வகைப் பிழைகளையும் பிரித்துக் காட்டியவர்கள் யெர்சி நேமன், எகான் பியர்சன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள். ஃபிஷருக்கு அது பிடிக்கவில்லை. லண்டனில் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தபடி நேமனோடு சண்டை போட்டார்.

[காட்சி: குறுக்குத்துறை முருகன் கோயில், ஆற்றில் வெள்ளம்.]

எந்தப் பிழைக்கு அதிகம் பயப்படுவது? அல்வாவில் எது நடந்தாலும் குடி முழுகாது. ஆற்றங்கரையில் நிற்கும்போது கணக்கு வேறு. வராத வெள்ளத்துக்கு எச்சரிக்கை கொடுத்தால் ஒரு நாள் பிழைப்பு போகும், திட்டு விழும். வருகிற வெள்ளத்துக்குக் கொடுக்காமல் விட்டால் உயிரே போகும். வெள்ளம் என்ன செய்யும் என்பதை 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை பார்த்திருக்கிறது. அங்கே ஆல்ஃபாவைத் தாராளமாக வைத்து பீட்டாவைக் குறைப்பதுதான் புத்தி.

அப்புறம், பலரும் சறுக்குகிற இடம் ஒன்று. "ஆல்ஃபா 2 சதவீதம்தானே, அப்படியென்றால் தேறியவர்களில் 98 சதவீதம் பேர் நிஜம்" என்பார்கள். இல்லை. 100 ஆச்சிகள் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்குத்தான் திறமை என்று வையுங்கள். 20 துண்டுச் சோதனையில் அந்த 10 பேரில் 8 பேர் தேறுவார்கள். திறமையில்லாத 90 பேரில் 2 சதவீதம், ஏறக்குறைய 2 பேர், தற்செயலாகத் தேறுவார்கள். தேறிய 10 பேரில் 2 பேர் சும்மா! பிழை 20 சதவீதம். ஆல்ஃபா என்பது திறமையில்லாதவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்ற கணக்கு, தேறியவர்களில் எத்தனை பேர் போலி என்ற கணக்கு அல்ல.

[காட்சி: மீண்டும் ஆச்சி. திரையில்: 20க்கு 14.]

நம் ஆச்சி 14 சரியாகச் சொன்னார். ஒன்று குறைவு. "ஆச்சிக்கு வித்தியாசம் தெரியாது" என்று எழுதலாமா? கூடாது. "தெரியும் என்று சொல்ல இந்தச் சோதனையில் ஆதாரம் போதவில்லை" என்று எழுதலாம், அவ்வளவுதான்.

ஆச்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்கிறார்: "போதலைன்னா இன்னும் கால் கிலோ கொண்டாலே."