ஓரமும் ஈரமும்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு வீதிகளில் சைக்கிள் ஓடுவதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று இந்த நிகழ்ச்சியிலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் பந்தய வீரன் இல்லை. யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவன். கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த பிறகு பஸ்ஸுக்குப் பழகிப்போய், 2022இல் பெட்ரோல் வரிசைகள் வீதி வீதியாக நீண்டு கிடந்தபோது மறுபடியும் பெடலில் கால் வைத்தேன். தகுதி என்றால் அவ்வளவுதான்.

ஊரில் ஓடிய ஓட்டம் கொழும்பில் உதவாது என்பது முதல் வாரமே விளங்கிவிட்டது. "தம்பி, ஓரமாய்ப் போ" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் அந்த ஓரம்தான் ஆளை விழுத்துகிறது. வடிகான் மூடியின் கம்பிகள் வீதியின் போக்கிலேயே இருந்தால் மெல்லிய டயர் அதற்குள் இறங்கிவிடும். மணல் சேர்ந்து கிடக்கும். நிறுத்திவைத்த காரின் கதவு திடீரென்று திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வீதிக்குள் வரும். ஆகவே நிற்கிற வாகனத்துக்கும் உங்கள் ஹாண்டிலுக்கும் இடையில் அந்த ஒரு மீட்டரை விட்டே ஓடுங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அடிக்கிறவர் உங்களைக் கண்டுவிட்டார். காணாதவருக்குத்தான் நான் பயப்படுவேன்.

பஸ் வேறு கதை. பாணந்துறைப் பக்கம் போகும் 100ஆம் இலக்க பஸ் உங்களை முந்தும், முந்தின கையோடு இடப்பக்கம் வெட்டித் தரிப்பிடத்தில் நிற்கும். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையால் நுழைய ஆசை வரும். வேண்டாம், இறங்குகிற ஆச்சி மேல்தான் போய் விழுவீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, மிதிபலகையில் தொங்கும் நடத்துநரின் கையைப் பாருங்கள். சிக்னல் லைட்டை விட அந்தக் கையை நம்பலாம்.

இனி மழை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைச் சொல்கிறோம், ஆனால் எனக்குப் பயம் ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில்தான். காலையில் வெயில் காயும், மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். பெய்யத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் மிக மோசம். நாள் முழுக்கத் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து சவர்க்காரம் மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு வீதி கொஞ்சம் பரவாயில்லை.

நான் விழுந்ததும் அப்படியொரு பின்னேரம்தான். ஹாண்டிலில் மீன் பை தொங்குகிறது. முன்னால் ஓர் ஓட்டோ சடாரென்று நிற்க, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன் சில்லு அப்போது பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பட்டையில் இருந்தது. பிறகு நான் வீதியில் இருந்தேன், என்னைச் சுற்றிக் கீரிமீன். முழங்கை தோல் உரிந்ததை விட மீன் போனதுதான் வீட்டில் பெரிய கதை.

அன்றைக்குப் படித்ததைச் சொல்கிறேன். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, இந்த இரண்டின் மேலும் ஈரத்தில் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ கூடாது, நேராகக் கடந்துவிட வேண்டும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால், மழையில் முதல் சில சுற்றுக்கு பிரேக் கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், நிறுத்தாது. சந்திக்கு வெகு முன்பே மெதுவாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். வழுக்குகிற சத்தம் போய் உரசுகிற சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் பிரேக் உங்கள் கையில். இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடியுங்கள். பையைக் கரியரில் கட்டுங்கள். ஒரு கையில் குடை, மறு கையில் ஹாண்டில் என்று ஓடும் வித்தைக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நுகேகொடை, நாரஹேன்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் களனிவெளி ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருக்கும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் டயர் பள்ளத்தில் மாட்டும். கொஞ்சம் வளைந்து, குறுக்காக நேரே ஏறுங்கள். மழை என்றால் இறங்கி உருட்டிப் போவதில் வெட்கமில்லை.

கொழும்பின் கடலோர மரைன் டிரைவ் ஆறுதலான பாதை என்று நினைப்போம். ஜூன், ஜூலையில் கடல் காற்று அங்கே பக்கவாட்டில் தள்ளும். பெரிய வாகனம் ஒன்று காற்றை மறைத்துக் கடந்து போகும்போது சைக்கிள் அந்த வாகனத்தின் பக்கமே இழுபடும். ஒழுங்கை வாசல்களில் கார்கள் மூக்கை நீட்டும், அங்கே இரண்டு விரல் பிரேக்கிலேயே இருக்கட்டும். உப்புக் காற்று செயினையும் பிரேக் கம்பியையும் தின்னும், வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

இரவில் முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு, இரண்டும் வேண்டும். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை இரவுகளில் லைட் இருந்தும் போதாது. தோரணத்தையும் வெளிச்சக் கூடுகளையும் அண்ணாந்து பார்த்தபடி சனம் வீதிக்குள் இறங்கும், உங்களை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. அன்றைக்கு நானும் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்துதான் போவேன்.

அப்புறம், இதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே யாராவது சைக்கிள் ஓடினால், தயவுசெய்து என்னை நிறுத்திவிடுங்கள். பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம் என் பேச்சை விட முக்கியம்.

இங்கே வந்தபோது சைக்கிளை எங்கே விடச் சொல்வதென்று வாசல் காவலாளி தடுமாறி, கடைசியில் தன் கதிரைக்குப் பக்கத்திலேயே சாத்திவைத்தார். திரும்பும்போது இருட்டிவிடும், வானமும் கறுக்கிறது. பின் லைட்டுக்குப் புது பட்டரி பையில் இருக்கிறது, போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். வணக்கம்.