ராவணன் மீசையும் கம்பங்கதிரும்

நேயர்களுக்கு வணக்கம். அரிசி களையும்போது எப்போதாவது உமியோடு ஒரு நெல் கையில் அகப்படும். அதைப் பிரித்துப் பாருங்கள், பெரிதும் சிறிதுமாக இரண்டு ஓடுகள். ஒரு பூவை மூடியிருந்த செதில்கள்தான் அவை. ஆமாம், புல்லுக்கும் பூ உண்டு. நெற்பூ காலையில் கொஞ்ச நேரம் திறந்து மூடிவிடும், அதனால் நம் கண்ணில் படுவதில்லை. இதழ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பொடிச் செதில்கள் இருக்கும். அவை தண்ணீரில் உப்பி, உமியை நெம்பித் திறக்கும்.

புல்லை இலையை வைத்து இனம் பிரிக்காதே, பூவைப் பார். இதை எண்ணூர்க் கடற்கரையில்தான் கற்றேன். கல்லூரி நாட்களில் தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, செடி சேகரிக்கப் போவோம். அங்கே மணலில் ராவணன் மீசை என்ற புல் படர்ந்து கிடக்கும். காற்றடித்தால் அதன் முள்பந்துகள் உருண்டோடும், வேட்டி கட்டியவன் செத்தான்! அன்று இரண்டு புல் பறித்தேன். ஒன்றில் முள்பந்து, இன்னொன்றில் விசிறி மாதிரி கதிர்க்கொத்து. வெவ்வேறு புல் என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் சிரித்துவிட்டு லென்ஸை நீட்டினார். கொத்தில் மகரந்தப் பைகள் மட்டும். பந்தில் சூலகம் மட்டும். அடடா, ஒரே புல்லின் ஆணும் பெண்ணும்!

அப்புறம் பந்தைப் பிய்க்கச் சொன்னார். ஒவ்வொரு சிறுகதிரிலும், அதாவது செதில் மூடிய குட்டிப் பூங்கொத்திலும், இரண்டு பூ. கீழ்ப்பூ மலடு, மேல்பூவில்தான் மணி. கம்பிலும் தினையிலும் மணி மேல்பூவில்தான். ஆக, இந்த முள்ளுப் புல் கம்புக்குப் பங்காளி! கீழ்ப்பூவா மேல்பூவா என்ற இந்தக் கணக்கை வைத்துப் புல் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தவர் ராபர்ட் பிரவுன், 1814-ல். இயற்பியலில் ‘பிரவுனியன் இயக்கம்’ என்று படித்திருப்பீர்களே, அதே பிரவுன்தான். இலையை நம்பியிருந்தால் இது நடந்திருக்காது, மறுபடியும் சொல்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: கம்பில் மகரந்தத் தாள் மூன்று, நெல்லில் ஆறு, மூங்கிலிலும் பெரும்பாலும் ஆறு. டிஎன்ஏ ஆய்வும் நெல்லை மூங்கிலுக்கு அருகில்தான் வைக்கிறது. புல் எவ்வளவு பழசு தெரியுமா? மகாராஷ்டிரத்தில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவத்திலேயே புல்லுக்குள் உருவாகும், மணல் போன்ற சிலிக்காத் துகள்கள் இருந்தன, 2005-ல் வெளியான ஆய்வு அது. அதைத்தான் விரிவாகச் சொல்ல எழுதிவந்தேன், மூன்று பக்கம் அப்படியே மிச்சம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.